பேச மறுத்த கம்ப்யூட்டர்

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியைக் கம்ப்யூட்டர் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமாகக் குனிந்திருந்தார். கறுப்புத் திரை. அதில் மூன்றே வரி, வெள்ளை எழுத்து. எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது, கண்ணாடிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டவர்கள் முன்னால் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே!

"தம்பி, அது எறும்புப் புத்து இல்லை. கண்ணாலயே படிக்கலாம்" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் சொந்த அண்ணி, அவருடைய மூத்த அண்ணனின் மனைவி. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே, "வீட்ல உங்கண்ணன் பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு, உங்ககிட்ட வர்றவங்க பேசுறதைக் கேக்கலாம்" என்று உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள். வெளியாட்கள் முன்னால் 'தம்பி' என்று கூப்பிட வேண்டாம் என்று துப்பறிவாளர் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். அன்றிலிருந்து வெளியாட்கள் முன்னால் 'தம்பிக் கண்ணு' என்றும் கூப்பிட ஆரம்பித்தாள்.

"இதோ!" என்று துப்பறிவாளர் திடீரென்று திரையைச் சுட்டிக்காட்டினார்.

"எதோ?" என்றார் மேலாளர்.

துப்பறிவாளருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நிலையம் அது. மேலாளருக்கும் பார்வை கிடையாது. காலையிலிருந்து துப்பறிவாளர் காட்டிய புருவ நெரிப்பு, தாடை தடவல், அர்த்தமுள்ள தலையசைப்பு எல்லாம் வீண். அவற்றைப் பார்த்த ஒரே ஆள் அண்ணிதான். அவளுக்கு அவை பழைய சரக்கு.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார்" என்றார் மேலாளர்.

"இங்கிலீஷ்ல இருக்கு. சிஸ்டம் முப்பத்திரண்டுன்னு ஒரு இடமாம். அதுல இருந்த ஃபைலைக் காணோமாம், இல்லைன்னா கெட்டுப்போச்சாம். அதனால எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லுது."

மேலாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். நிலையத்தில் எட்டு மாதமாக ஒரு பெரிய நாவல் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு அத்தியாயம், சாயங்காலம் ஐந்து மணிக்கு. நானூறு பேர் போன் போட்டுக் கேட்பார்கள். வாசித்தவர் ஒரு பெண்மணி. கேட்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் குரலம்மா. மொத்த நாவலையும் அவர் முன்கூட்டியே வாசித்து முடித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் தொண்டை ஆபரேஷனுக்குப் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தந்த வார அத்தியாயத்தைச் சுத்தம் செய்து தனி டிஸ்கில் ஏற்றி அனுப்புவது வழக்கம். மற்றதெல்லாம் அப்படிப் போய்விட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் இந்தப் பெட்டியைத் தவிர வேறு எங்கும் இல்லை. இன்று ஐந்து மணிக்கு அது போக வேண்டும்.

"திரும்ப வாசிக்கச் சொல்ல முடியாதே சார்" என்றார் மேலாளர். "வேற யாரையாவது வெச்சு வாசிச்சா, நானூறு பேரும் போனை வெச்சுருவாங்க. நானும்தான். யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிங்க."

"முதல்ல சரிபண்ணலாமே?" என்றாள் அண்ணி.

"சரிபண்ண ஒரு ஆள் இருந்தான். திருப்புளின்னு கூப்பிடுவோம். முந்தாநாள் சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டான். போகும்போது என்ன சொன்னான் தெரியுமா? 'இந்தப் பெட்டி ஒருநாள் கண்ணை மூடும், அன்னிக்கு என்னை நினைச்சுப்பீங்க' அப்படின்னான்."

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை 'டக்'கென்று மடித்தார். அந்தச் சத்தமாவது மேலாளர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே மடித்தார்.

"கேஸ் முடிஞ்சது அண்ணி. கிளம்புங்க."

"இவ்வளவு சீக்கிரமா? போன தடவை கேஸ் முடிஞ்சதுன்னு சொன்னப்பவும் நாம தப்பான பூனையைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தோம்."

---

திருப்புளியின் வீடு மூன்று தெரு தள்ளி, மாடியில். நாற்பது வயது, ஒல்லி, சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி. கூடத்துத் தரையில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

துப்பறிவாளர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். இந்தக் காட்சியை அவர் வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பெட்டி கண்ணை மூடிடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே. ஆச்சரியமா இல்லை?"

திருப்புளி ஃபேனின் இறக்கையைக் கீழே வைத்தான். "எந்தப் பெட்டி? ரெக்கார்டிங் பெட்டியா? திரையில என்ன வருது?"

"கேள்வி கேக்கிறது நான்!"

"சிஸ்டம் முப்பத்திரண்டு காணோம்னு வருதுப்பா" என்றாள் அண்ணி.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "ஐயோ! கடைசி அத்தியாயம் அதுலதானே இருக்கு? அதுக்காகத்தானே சண்டையே போட்டேன்! எல்லாத்தையும் ஒரே பெட்டியில வெக்காதீங்க, காப்பி எடுத்து வெக்க இன்னொரு டிஸ்க் வாங்குங்கன்னு ஆறு மாசமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னாரு. கோபத்துல அப்படிச் சொல்லிட்டு வந்தேன்."

"அதாவது, நீங்க கெடுக்கலை?"

திருப்புளிக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வரும் என்று துப்பறிவாளர் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் அவனுக்கு வந்தது ரோஷம்.

"சார், நான் கெடுத்திருந்தா அது இப்படியா கெட்டிருக்கும்? சிஸ்டம் ஃபைல்ல கையை வெக்கிறது கத்துக்குட்டி வேலை. ஒரு மணி நேரத்துல சரிபண்ணிடலாம். நான் மனசு வெச்சுக் கெடுத்தா எவனாலயும் திறக்க முடியாது. என்னைப்போய் இந்த வேலைக்கு சந்தேகப்பட்டீங்களே!"

"மன்னிச்சிருப்பா" என்றாள் அண்ணி. "தம்பி உன் திறமையைக் குறைச்சு மதிப்பிட்டுட்டாரு. அவர் திறமையைத்தான் கொஞ்சம் கூட மதிப்பிட்டுட்டாரு."

திருப்புளி அலமாரியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படி இறங்கினான். மூக்குடைபட்ட துப்பறிவாளர் அவன் பின்னால் ஓடினார்.

---

நிலையத்துக்குள் நுழைந்ததும் மேலாளர் தலையைத் திருப்பினார். "திருப்புளியா? கால் சத்தம் கேக்குது."

"ஆமா சார்."

"டிஸ்க் வாங்கியிருக்கணும்."

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார்."

அவ்வளவுதான் சமாதானம். திருப்புளி பென் டிரைவைச் செருகி, ஏதோ ஒரு பட்டனை விடாமல் தட்டினான். கறுப்புத் திரை போய் நீலத்திரை வந்தது.

"பெட்டி தன் சொந்தக் கால்ல எழுந்திருக்கலை. பென் டிரைவுல இருக்கிற இன்னொரு சிஸ்டத்தை வெச்சுத் தூக்கி நிறுத்தியிருக்கேன்" என்றான். "இந்த டிஸ்க்ல ரெண்டு அறை. முதல் அறையில பெட்டி எழுந்து நடமாடத் தேவையான ஃபைலுங்க. ரெண்டாவது அறையில நம்ம ரெக்கார்டிங். முதல் அறைதான் அடி வாங்கியிருக்கு." இரண்டாவது அறையைத் திறந்தான். தேதி தேதியாக வரிசையாகக் கோப்புகள். "இருக்கு சார். அத்தனையும் இருக்கு. முதல்ல இதை வெளியில காப்பி எடுத்துடுறேன், அப்புறம் சிஸ்டத்தைத் தொடுறேன். அவசரப்பட்டு சிஸ்டத்துல கையை வெச்சா உள்ளதும் போயிடும்."

மேலாளர் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது திருப்புளி முதல் அறையைத் துழாவினான். சட்டென்று கை நின்றது. "இது வைரஸ் இல்லை. யாரோ கையால அழிச்சிருக்காங்க. நேத்து காலை பதினொண்ணு பத்துக்கு. சிஸ்டம் முப்பத்திரண்டுங்கிற ஃபோல்டரை மொத்தமா அழிக்கப் பார்த்திருக்காங்க. பழைய பெட்டி, தடுக்கத் தெரியலை. பாதி போயிருக்கு, பாதி போகமாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கு."

"அந்த ஃபோல்டரை எதுக்குக் குறிவெச்சாங்க?" என்றார் துப்பறிவாளர்.

"பழைய சிஸ்டத்துல கடைசியாத் தேடின வார்த்தை பதிவாகி அப்படியே இருக்கு சார். வார்த்தைகூட இல்லை, நம்பர். முப்பத்திரண்டு."

துப்பறிவாளர் மேலாளரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணிதான் கேட்டாள்: "சார், இன்னிக்குப் போகவேண்டிய கடைசி அத்தியாயம் எத்தனாவது?"

"முப்பத்திரண்டாவது" என்றார் மேலாளர்.

துப்பறிவாளர் துள்ளி எழுந்தார். "அப்ப பெட்டியைக் கெடுக்கிறது நோக்கமே இல்லை! அந்த அத்தியாயத்தை அழிக்க வந்திருக்காங்க. ரெக்கார்டிங்குக்கெல்லாம் தேதிதான் பேரு, நம்பர் கிடையாது. அதனால முப்பத்திரண்டுன்னு தேடி, வந்து மாட்டின ஃபோல்டரைப் போட்டு அழிச்சுட்டாங்க. கம்ப்யூட்டர் தெரியாத ஆளு!"

தன் வாயிலிருந்து சரியான ஒரு விஷயம் வந்ததைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. பழக்கதோஷத்தில் அடுத்த வாக்கியத்திலேயே கெடுத்துக்கொண்டார்.

"போட்டி நிலையம்! உங்க நானூறு பேரையும் இழுக்கப் பார்க்கிற எதிரிங்க!"

"நாங்க ஒரு நிலையம்தான் சார் இருக்கோம்" என்றார் மேலாளர்.

துப்பறிவாளர் உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தார், திருப்புளி திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ தெரியும். மறுபடியும் அவனைச் சந்தேகப்படலாமா என்று யோசித்தார். ஒரே நாளில் ஒரே ஆளிடம் இரண்டு தடவை மூக்குடைபட வேண்டாம் என்று அடக்கிக்கொண்டார்.

"போன வாரம் போன அத்தியாயத்தைக் கொஞ்சம் போடுப்பா" என்றாள் அண்ணி.

திருப்புளி டிஸ்கைப் போட்டான். குரல் வந்தது. அகலமான, நிதானமான குரல். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற இடம். துப்பறிவாளர் மெய்மறந்து கேட்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காதை லேசாகச் சாய்த்துக் கேட்டாள்.

"ஒவ்வொரு வரி முடிவிலயும் குரல் கீழ விழறதுக்கு முன்னாடி நிறுத்திடுறாங்க" என்றாள். "மூச்சைப் பிடிச்சு, உடையறதை மறைச்சு மறைச்சுப் படிக்கிறாங்க. லைன்ல அழுதுக்கிட்டே 'நான் நல்லா இருக்கேன்'னு சொல்றவங்க இப்படித்தான் பேசுவாங்க. ஆயிரம் பேரைக் கேட்டிருக்கேன். சார், நேத்து பதினோரு மணிக்கு இங்க யார் வந்தாங்க?"

"வெளியாள் யாரும் வரலையே. குரலம்மா வந்தாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா. அவங்களால பேச முடியாது, எழுதிக் காட்டினா என்னால பார்க்க முடியாது. அதனால என் உள்ளங்கையில விரலால எழுதினாங்க, கொஞ்ச நேரம் பதிவு அறையில தனியா உட்கார்ந்துட்டுப் போறேன்னு. சரின்னேன். மாசக்கணக்கா உக்காந்து படிச்ச இடமில்லையா."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். உள்ளங்கை அப்படியே திறந்திருந்தது.

"இருக்காது" என்றார் துப்பறிவாளர். "பறிகொடுத்ததே அவங்கதானே! அது அவங்க குரலாச்சே!"

"அதனாலதான் தம்பி" என்றாள் அண்ணி. இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை.

---

குரலம்மாவின் வீட்டுக்கு நடந்து போகும்போது துப்பறிவாளர் கடுமையாக இருப்பது என்று முடிவு செய்திருந்தார். இருபது வருஷத் தொழிலில் உண்மையான குற்றவாளியின் வாசலுக்கு முதல்முறையாகப் போகிறார். கதவு திறந்தது. கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிய, அறுபது வயதுப் பெண்மணி, கையில் ஒரு சிலேட்டோடு நின்றார். கடுமை வாசற்படியிலேயே கழன்று விழுந்துவிட்டது.

"அது... வந்து... கம்ப்யூட்டர்..." என்று வழிந்தார்.

அந்த அம்மா ஒரு நிமிடம் இருவரையும் பார்த்தார். பிறகு உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டி, உட்கார்ந்து, எழுதினார்.

'பெட்டி கெட்டுவிட்டதா? நான் ஒரு அத்தியாயத்தைத்தான் அழித்தேன்.'

"ஒரு அத்தியாயம் இல்லைங்கம்மா, அதோட கை காலையே எடுத்துட்டீங்க" என்றாள் அண்ணி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "பரவாயில்லை, திருப்புளி ஒட்டவெச்சுக்கிட்டு இருக்காரு."

சிலேட்டைத் துடைத்து மறுபடி எழுதினார். 'நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் ஆமாம், ஆமாம் என்று அழுத்தினேன்.'

"ஏம்மா?" என்றார் துப்பறிவாளர். துப்பறிவாளராகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார்.

இதற்கு மூன்று தடவை சிலேட்டைத் துடைக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் குரல் உடைந்துவிட்டது. மறுநாள் திரும்ப வாசிக்கலாம் என்றிருந்தார், மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நானூறு பேருக்கு அவர் முகம் தெரியாது. அவர்களுக்கு அவர் என்றால் குரல் மட்டும்தான். அது கிழிந்துபோனதையா கடைசியாகக் கேட்க வேண்டும்? கதை முடிவில்லாமல் நின்றால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார்.

அண்ணி சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அது உங்க குரல். வேண்டாம்னு நீங்க சொன்னா வேண்டாம்தான். ஆனா அந்தத் திருப்புளிப் பையனைச் சந்தேகப்பட்டு ஊரே பேசுறதுக்கு முன்னாடி நீங்க வந்து மேலாளர்கிட்ட சொல்லிடணும். நாங்க சொல்ல மாட்டோம்."

'நாங்க' என்பதில் தன்னையும் சேர்த்தது துப்பறிவாளருக்கு உறைத்தது. இருபது வருஷத்தில் பிடித்த ஒரே ஆள். அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவும் வழியில்லை. ஆச்சரியம், அவருக்கு வருத்தமாகவும் இல்லை.

குரலம்மா எழுந்து செருப்பைத் தேடினார்.

---

நாலே கால் மணிக்குப் பெட்டி தன் சொந்தக் காலில் எழுந்தது. பழைய சிஸ்டம் டிஸ்கிலிருந்து, காணாமல் போன கோப்புகளை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, திருப்புளி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குரலம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நான் பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பதிவு பண்ணினவன்மா. அந்தக் கடைசிப் பக்கம் நல்லா இருக்குன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க நம்பலை."

அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு மேலாளரின் கையை எடுத்து விரித்தார். எழுதத் தொடங்கினார். எழுதினார், எழுதினார். மேலாளரின் முகம் அசையவே இல்லை. துப்பறிவாளருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், ஒரு எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை.

எழுதி முடிந்தது. மேலாளர் கையை மூடிக்கொண்டார்.

"எனக்கும் இன்னும் அந்த அத்தியாயம் தெரியாது" என்றார். "மத்த நானூறு பேர் மாதிரி நானும் ஒரு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன். நான் கேக்கட்டுமா? வேண்டாம்னா இப்பவே அழிக்கச் சொல்லிடுறேன். திருப்புளி சரியா அழிப்பான்."

குரலம்மா மூடிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, திருப்புளியைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார்.

அத்தியாயம் ஓடியது. இருபது நிமிடம் யாரும் நகரவில்லை. கதையில் வீட்டை விட்டுப் போன குடும்பம் கடைசியில் ஒரு புது ஊரின் வாடகை வீட்டுக் கதவைத் திறக்கிறது. கடைசிப் பக்கம் வந்தது. குரல் நடுவில் நூலாக இழுபட்டது, அறுந்தது, ஒரு கனைப்பு, பிறகு வெறும் காற்றாகவே வந்தது. அந்தக் காற்றிலேயே வரி வரியாக, ஒரு சொல்லையும் விடாமல், கடைசிச் சொல் வரைக்கும் வாசித்து முடித்திருந்தார்.

குரலம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"திருப்புளி" என்றார் மேலாளர். "கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை போடு."

போட்டான். பாதியில் குரலம்மா சுவரிலிருந்து திரும்பினார். தன் குரலைத் தானே இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவர் மாதிரி முழுதும் கேட்டார். முடிந்ததும் சிலேட்டில் ஒரே வார்த்தை எழுதி மேசைமேல் வைத்தார். அண்ணி மேலாளருக்குப் படித்துக் காட்டினாள்: 'அனுப்புங்கள்.'

ஐந்து மணிக்கு அத்தியாயம் போயிற்று, உடைந்த இடம் உடைந்தபடியே.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. மேலாளர் எடுத்தார், கேட்டார், "இருங்க, அவங்ககிட்டயே தர்றேன்" என்று ரிசீவரைக் குரலம்மாவின் காதில் வைத்தார். மறுமுனையில் ஒரு வயதான ஆண் குரல், அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசியது.

"அம்மா, நீங்களா? உடம்பு முடியாமலா படிச்சீங்க? ஏம்மா, நாங்க இருந்திருக்க மாட்டோமா, ஒரு மாசம் கழிச்சுப் படிச்சிருந்தாத்தான் என்ன? லைன்ல இருக்கீங்களா?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பிறகு நினைவு வந்து மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரலை மடக்கி, ரிசீவரின் வாயில் இரண்டு முறை தட்டினார்.

"ஆங், இருக்கீங்க" என்றது அந்தக் குரல். "சரிம்மா. அப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க."